நட்டு மசியவில்லையா? குறை கையில் இல்லை, ஸ்பேனரில்!

புளியங்குடி எலுமிச்சைத் தோப்புகளுக்குப் போகும் பாதையில் பைக் ஓட்டுபவர்களுக்கு முள் புதிதல்ல. கொல்லம் - திருமங்கலம் நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் பஞ்சர் கடை கிடைக்கும். மலையடிவாரத் தோப்புக்குள் நின்றால் நம் கைதான் துணை. டியூப் டயரில் சின்ன ஓட்டை என்றால், டயரின் ஒரு ஓரத்தை மட்டும் நெம்பி டியூபை உருவி ஒட்டிவிடலாம். டயர், பிரேக் ஷூ, பேரிங் ஆகியவற்றை மாற்ற வேண்டுமென்றால் சக்கரத்தைக் கழற்றியே ஆக வேண்டும்.

அங்கேதான் ஆக்சில் நட்டு அடம்பிடிக்கும். பலர் கட்டிங் பிளேயரையும் ஸ்குரூ ஸ்பேனரையும் தூக்குவார்கள். நட்டின் முனை மழுங்கும், விரல் முட்டி பெயரும், நட்டு மட்டும் அசையாது.

19 மி.மீ. நட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே 19 மி.மீ. என்றால், எதிரெதிர் முனைகளுக்கு இடையே ஏறத்தாழ 22 மி.மீ. இந்த 3 மி.மீ. வித்தியாசத்தைப் பிடித்துத்தான் எந்த ஸ்பேனரும் நட்டைத் திருப்புகிறது. வாய் திறந்த ஸ்பேனர் இரண்டு பக்கங்களை மட்டுமே பிடிக்கும். அழுத்தம் கூடினால் அதன் தாடை லேசாக விரியும், நட்டின் முனை சீவப்படும். ரிங் ஸ்பேனரும் பாக்ஸ் ஸ்பேனரும் நட்டைச் சுற்றி வளைத்துப் பிடிப்பதால் சுமை எல்லா முனைகளுக்கும் பரவுகிறது. பாக்ஸ் வாங்கினால் உள்ளே ஆறு பக்கம் உள்ளதையே கேளுங்கள். துருப்பிடித்த நட்டுக்குப் பன்னிரண்டு பல் உள்ளதைவிட அதுவே நல்லது.

அடுத்தது நீளம். திருப்புவிசை என்பது கொடுக்கும் விசையையும் பிடியின் நீளத்தையும் பெருக்கினால் கிடைப்பது. 20 கிலோ எடையளவு விசையை 15 செ.மீ. ஸ்பேனரில் கொடுத்தால் சுமார் 30 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். 45 செ.மீ. பிடியில் அதே கை 90 நியூட்டன் மீட்டர் தரும். பல பைக்குகளின் பின் ஆக்சில் நட்டு 50 முதல் 100 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கப்படுகிறது. துரு ஏறினால் கழற்ற இன்னும் அதிகம் தேவை. வண்டியோடு வரும் குட்டி ஸ்பேனர் ஏன் தோற்கிறது என்பது இப்போது புரியும். துருவுக்கு, மரைக்குள் ஊடுருவும் எண்ணெயைத் தெளித்துச் சற்று நேரம் ஊறவிடுங்கள். நட்டின் மறுபக்கம் ஆக்சிலும் சேர்ந்து சுற்றாமலிருக்க இன்னொரு ஸ்பேனர் வேண்டும். இரு பக்க அளவும் ஒன்றாக இருக்கவேண்டுமென்பதில்லை. அளந்து பார்த்து வாங்குங்கள்.

கழற்றுவதைவிட இறுக்குவதில்தான் கவனம் அதிகம் தேவை. இறுக்கும்போது கொடுக்கும் விசையில் ஏறக்குறைய பாதி நட்டின் அடிப்பரப்பு உராய்விலும், நூற்றுக்கு 40 பங்கு மரை உராய்விலும் போய்விடுகிறது. ஆக்சிலை இழுத்துப் பிடிக்க மிஞ்சுவது 10 பங்குதான். அதனால் மரையில் எண்ணெய் இருந்தால், அதே கைவிசை ஆக்சிலை அளவுக்கு மீறி இழுத்துவிடும். எவ்வளவு இறுக்குவது என்ற ஊகத்தைப் போக்க வந்த கருவி டார்க் ரெஞ்ச். நியூயார்க் குடிநீர்த் துறையில் வேலைபார்த்த கான்ராட் பார், குழாய் போல்ட்டுகள் அளவுக்கு மீறி இறுகாமலிருக்க 1918-இல் இதை உருவாக்கினார். உங்கள் வண்டிக்கான அளவு சர்வீஸ் கையேட்டில் இருக்கும். டார்க் ரெஞ்சைக் கழற்றப் பயன்படுத்தாதீர்கள். வேலை முடிந்ததும் மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பி வையுங்கள்.

வரிசையாக வாங்குவதானால் முதலில் சரியான அளவில் இரண்டு ரிங் ஸ்பேனர்கள், பிறகு நீளப் பிடியுடன் ஆறு பக்க பாக்ஸ், ரப்பர் சுத்தியல், கடைசியாக டார்க் ரெஞ்ச். ஆக்சிலை இரும்புச் சுத்தியலால் நேரடியாக அடித்தால் மரை நசுங்கும். நட்டைப் பூட்டும் காட்டர் பின் உள்ள வண்டியில் பழைய பின்னை மறுபடி போடாதீர்கள். புதிதின் விலை சில ரூபாய்தான்.

சென்டர் ஸ்டாண்டில் வண்டி ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே நட்டில் பலம் கொடுங்கள். டிஸ்க் பிரேக் என்றால், சக்கரம் வெளியே இருக்கும்போது லீவரைத் தொடாதீர்கள். பிஸ்டன் வெளியே வந்துவிடும். மாட்டி முடித்ததும் செயின் தொய்வைப் பாருங்கள், சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள், பிரேக்கைப் பலமுறை அழுத்திப் பாருங்கள். மூன்றும் சரியானால் மட்டும் வண்டியைத் தெருவில் இறக்குங்கள்.