சேமிக்கப்படுவது கிருமியின் மரபணுவே

“சளியை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்புகிறீர்களே, எங்கள் மரபணுவையா சேமிக்கிறீர்கள்?” எனக் காசநோயாளிகளின் குடும்பத்தார் எங்களிடம் வினவுவதுண்டு. இல்லை, நாங்கள் ஆராய்வது கிருமியின் மரபணுவை. மாதிரியில் கலந்துள்ள மனித மரபணு வரிகளை ஒப்பீட்டிற்கு முன்பே நீக்கிவிடுகிறோம்.

காசநோய்க் கிருமியின் முழு மரபணுத் தொகுதி 1998-இல் வெளியிடப்பட்டது. அதில் ஏறத்தாழ 44 லட்சம் எழுத்துகள் உள்ளன. தரவுத்தளத்தில் முதலில் அம்மூலப் பிரதியையும், அடுத்து ஏறத்தாழ 4,000 மரபணுக்களின் இருப்பிடங்களையும், பின்னர் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டுள்ள மருந்தெதிர்ப்பு மாற்றங்களின் பட்டியலையும் ஏற்றுகிறோம். இவை ஒன்றோடொன்று பொருந்தாவிடில் எழுத்தின் வரிசை எண் பிறழ்ந்து, முடிவும் பிழையாகும்.

ஆதலால் மென்பொருளை, அதற்குத் தேவையான துணை நிரல்கள் அனைத்துடனும் ‘கன்டெய்னர்’ எனும் ஒரே பொதியாக அமைக்கிறோம். அரிசி முதல் அடுப்புவரை கட்டிக்கொண்டு வெளியூர் செல்வதைப் போன்றது இது; கணினி மாறினாலும் அதே பதிப்பே இயங்கும்.

ரிஃபாம்பிசின் மருந்துக்கு எதிர்ப்பு, பெரும்பாலும் ஒரே மரபணுவில் 81 எழுத்துகள் கொண்ட பகுதியில் தோன்றுகிறது. அங்கு ஓரெழுத்து மாறினும் சிகிச்சையை மாற்ற நேரிடலாம். முடிவு வரும்வரை மருந்தைத் தாங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவர் கூறியவாறு தவறாது உட்கொள்ளுங்கள்.