சின்ன வயசுக் காயம்... நாற்பதிலும் ஆறும்!

அலுவலகத்தில் மேலதிகாரி கொஞ்சம் குரலை உயர்த்தினாலே சிலருக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். கதவைப் படாரென்று சாத்தினால் நெஞ்சு படபடக்கும். 'இதுக்கெல்லாமா பயப்படுவாங்க?' என்று மற்றவர்கள் கேட்பார்கள். காரணம் பெரும்பாலும் இன்றைய நாளில் இருக்காது. அவர்கள் வளர்ந்த வீட்டில் இருக்கும்.

அடி, ஓயாத சண்டை, அப்பாவின் குடி, பாலியல் சீண்டல்... இவற்றின் நடுவே வளரும் குழந்தையின் மூளை, எந்நேரமும் ஆபத்தை எதிர்பார்த்தே பழகிவிடுகிறது. ஆபத்து போன பிறகும் அந்தப் பழக்கம் போவதில்லை. இது பலவீனமல்ல, அன்று உயிரைக் காத்த எச்சரிக்கை உணர்வின் மிச்சம்.

ஒரு தீவு சொன்ன நல்ல சேதி

'அப்படியானால் வாழ்க்கையே போச்சா?' இல்லை என்கிறது ஹவாய் பகுதியிலுள்ள கவாய் தீவில் நடந்த ஆய்வு. 1955-ல் அங்கே பிறந்த 698 குழந்தைகளை, உளவியலாளர் எம்மி வெர்னரின் குழு 40 வயது வரை தொடர்ந்து கவனித்தது. வறுமை, குடும்பத் தகராறு, பெற்றோரின் குடிப்பழக்கம் எனப் பல சிக்கல்களில் வளர்ந்த குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கினர், தன்னம்பிக்கையும் பொறுப்பும் உள்ளவர்களாக வளர்ந்தார்கள். பாட்டியோ, உறவினரோ, ஆசிரியரோ, அன்பு காட்டிய ஒரு பெரியவர் அவர்களுக்குத் துணையாக இருந்தார்.

இன்னொரு சேதியும் உண்டு. பதின்வயதில் தடம் மாறியவர்களிலும் பெரும்பாலானோர் நடுவயதுக்குள் மீண்டுவிட்டார்கள். விட்ட படிப்பைத் தொடர்ந்தது, நிலையான வாழ்க்கைத்துணை, வழிபாட்டுக் குழுவின் அரவணைப்பு போன்றவையே அவர்களின் திருப்புமுனைகள்.

என்ன செய்யலாம்?

* படபடப்பு வரும்போது, 'இது இன்றைய ஆபத்தா, அன்றைய நினைவா?' என்று கேட்டுப்பாருங்கள். பாதங்களைத் தரையில் அழுத்தி, மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள்.

* நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள். நடந்ததையெல்லாம் ஒரே நாளில் கொட்டித் தீர்க்க வேண்டியதில்லை. எதை, எப்போது சொல்வது என்பது உங்கள் உரிமை.

* நேரத்துக்குத் தூக்கம், தினமும் கொஞ்சம் நடை. மறப்பதற்காகக் குடித்தால், தூக்கம் கெட்டுப் பதற்றம்தான் கூடும்.

* 'பெத்தவங்கதானே, மறந்துடு' என்ற அறிவுரைக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. மன்னிப்பது உங்கள் விருப்பம். காயப்படுத்தியவரிடமிருந்து விலகி இருப்பது பாவமல்ல.

* கெட்ட கனவுகள், காரணமில்லாக் கோபம், எதிலும் பிடிப்பின்மை வாரக்கணக்கில் நீடித்தால், மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். இத்தகைய காயங்களுக்கென்றே தனிச் சிகிச்சை முறைகள் இருக்கின்றன. உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். மத்திய அரசின் 'டெலி மானஸ்' எண் 14416-ஐ 24 மணி நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

உங்களிடம் ஒருவர் மனம் திறந்தால், 'ஏன் அப்பவே சொல்லலை?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'சொன்னது நல்லதாப் போச்சு' என்று சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். கவாய் தீவுக் குழந்தைகளுக்குக் கிடைத்த அந்த ஒரு பெரியவராக, யாருக்காவது நீங்களும் இருக்கலாம்.