வெயிட்டைக் கூட்டப் பயமா?

பல மாதங்களாக ஜிம்முக்குப் போகிறீர்கள். ஸ்குவாட்டில் (ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் பயிற்சி) 60 கிலோ சிரமமில்லாமல் வருகிறது. "கொஞ்சம் ஏத்துப்பா" என்கிறார் மாஸ்டர். நீங்களோ இன்றைக்கும் அதே 60தான் போடுகிறீர்கள். உடம்பு தயார், மனசு மட்டும் பின்வாங்குகிறது. இதை எப்படிக் கடப்பது?

இது கோழைத்தனமா?

இல்லவே இல்லை. "தூக்க முடியாவிட்டால் எனக்கு என்ன ஆகும்?" என்று மனசு கேட்கிறது. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தெரியாதவரை யார் எவ்வளவு தைரியம் சொன்னாலும் கால் நடுங்கத்தான் செய்யும். ஆகவே முதலில் அந்தப் பதிலை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

தூக்க முடியாமல் போனால் என்ன செய்வது?

ஸ்குவாட் போடும் கூண்டில் இரண்டு பக்கமும் தடுப்புக் கம்பிகள் இருக்கும். நீங்கள் முழுதாக உட்காரும்போது ராடு வரும் உயரத்துக்குச் சற்றுக் கீழே அவற்றைப் பொருத்துங்கள். பிறகு வெறும் ராடோடு உட்கார்ந்து, அதைக் கம்பியில் இறக்கிவிட்டு வெளியே வந்து பாருங்கள். இரண்டு மூன்று முறை செய்தால், தோற்றாலும் அடிபடாது என்பது உடம்புக்கே புரிந்துவிடும்.

பெஞ்ச் பிரஸ்ஸில் (மல்லாந்து படுத்து ராடை மேலே தள்ளும் பயிற்சி) புது வெயிட்டை ஒருபோதும் தனியாக முயலாதீர்கள். தலைமாட்டில் ஒரு ஸ்பாட்டர் (தடுமாறினால் ராடைப் பிடிக்கும் துணையாள்) நிற்கட்டும். "நான் சொன்னால் மட்டும் பிடிங்கண்ணா" என்று முன்கூட்டியே பேசிவையுங்கள். கட்டைவிரல் ராடைச் சுற்றியே இருக்கட்டும்.

எப்போது, எவ்வளவு கூட்டுவது?

இப்போதைய வெயிட்டில் எல்லா செட்டையும் முடித்த பிறகும் இன்னும் இரண்டு தடவை ஒழுங்காகத் தூக்க முடியும் என்று தோன்றுகிறதா? அடுத்தடுத்து இரண்டு பயிற்சிகளில் அப்படி இருந்தால் கூட்டலாம். பக்கத்துக்கு ஒரு 1.25 கிலோ பிளேட், மொத்தம் 2.5 கிலோ போதும். 60 என்பது 62.5 ஆகும். 70க்குத் தாவ வேண்டாம்.

பழைய வெயிட் வரைக்கும் படிப்படியாக ஏறி வாருங்கள்: வெறும் ராடு, 40, 50, 60. புது வெயிட்டை முதல் நாள் தூக்கக்கூட வேண்டாம். தாங்கியிலிருந்து எடுத்து, தோளில் வைத்துச் சில நொடி நின்று, திருப்பி வைத்துவிடுங்கள். அந்தப் பாரம் பழகிவிட்டால் அடுத்த முறை மிரட்டாது.

பெரிய வீரர்களும் இப்படித்தானா?

வேலூர் சத்துவாச்சாரியின் பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கத்தைப் பாருங்கள். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ எடைப் பிரிவில் தங்கம் வாங்கினார். ஸ்னாட்ச் (ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது) 149, கிளீன் அண்ட் ஜெர்க் (தோள் வரை தூக்கி, பிறகு மேலே தள்ளுவது) 179, மொத்தம் 328 கிலோ.

2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டிக்கு முன்னால், தேசியப் போட்டியில் 194 கிலோவை முயன்றபோது அவருக்குத் தொடையில் காயம். அந்த வலியோடு போய் 144, 173 என்று மொத்தம் 317 தூக்கினார். தங்கம் உறுதியானதும், கைவசம் இருந்த கடைசி வாய்ப்பை எடுக்காமலே விட்டுவிட்டார். முந்தைய தங்கத்தைவிட 11 கிலோ குறைவு; ஆனாலும் தங்கம்.

இதில் உங்களுக்கு என்ன இருக்கிறது? வெயிட்டைக் கூட்டுவது போலவே, குறைப்பதும் நிறுத்துவதும் பயிற்சியின் பகுதிதான். நினைத்தால் இறங்கலாம் என்ற உரிமை கையில் இருந்தால், ஏறுவதற்கு அவ்வளவு தயக்கம் வராது.

எந்த நாளில் கூட்டக் கூடாது?

டேனரியில் (தோல் பதனிடும் ஆலை) நாள் முழுக்கக் குனிந்து ஈரத்தோல் தூக்கியிருந்தால், உங்கள் இடுப்பு ஏற்கெனவே வேலை பார்த்துவிட்டது. சிப்காட் தொழிற்பேட்டையில் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்திருந்தாலும், சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வந்திருந்தாலும் பழைய வெயிட்டோடு நிறுத்துங்கள். புது வெயிட்டுக்கு வார விடுமுறையோ, நன்றாகத் தூங்கி எழுந்த நாளோ ஏற்றது.

பயமா, உடம்பின் எச்சரிக்கையா? எப்படிப் பிரிப்பது?

பயம் பெரும்பாலும் தூக்குவதற்கு முன்னால் வரும், தொடங்கியதும் குறையும். எச்சரிக்கையோ தூக்கும்போதே வரும். மூட்டில் சுருக்கென்ற வலி, காலுக்கு இறங்கும் வலி, மரத்துப்போதல் ஆகியவை வந்தால் அன்றைக்குப் போதும். வலி விடாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்தக்கொதிப்பு, இதயநோய், குடலிறக்கம் உள்ளவர்கள் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கனமான வெயிட்டில் மூச்சை அடக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும்.

பக்கத்தில் இருப்பவர்கள் பார்ப்பார்களே?

பார்க்கட்டும். அவர்கள் 100 போடுவதால் உங்கள் முதுகுக்குப் பலம் வராது. உங்கள் கணக்கு உங்கள் நோட்டில்தான். தேதி, வெயிட், எத்தனை தடவை என்று எழுதிவையுங்கள். போன மாதம் பயமுறுத்திய வெயிட் இந்த மாதம் வார்ம்-அப் (உடம்பைச் சூடாக்கும் பயிற்சி) ஆகியிருப்பதை உங்கள் கையெழுத்திலேயே பார்க்கும்போது, அடுத்த 2.5 கிலோவைக் கூட்டும் நம்பிக்கை தானாக வரும்.