கம்போரோ: கோழியைக் கொல்லாமலேயே கெடுக்கும் வைரஸ்

வெள்ளைக்கழிச்சலுக்கு முறையாகத் தடுப்பூசி போட்டிருப்பார்கள். ஆனாலும் கொட்டகையில் குஞ்சுகள் சாகும். பழி உடனே மருந்துக் கம்பெனி மீது விழும். பல நேரம் குற்றவாளி வேறொரு வைரஸ். சில வாரங்களுக்கு முன்பே வந்து, சத்தமில்லாமல் வேலையை முடித்திருக்கும்.

அதன் பெயர் கம்போரோ. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் அதே பெயர் கொண்ட ஊரையொட்டிய பண்ணைகளில் முதலில் தென்பட்டது. 1962-இல் அதைப் பற்றி எழுதிய காஸ்குரோவ், சிறுநீரகங்கள் வீங்கியிருந்ததைப் பார்த்துச் சிறுநீரக நோய் என்றே நினைத்தார். உண்மையில் அடிபட்டது பர்சா.

பர்சா என்பது கோழியின் எச்சத்துவாரத்துக்கு மேலே உள்ள சிறு பை. அது எதற்கு என்று வெகுகாலம் யாருக்கும் தெரியாது. 1950-களில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற மாணவர், பர்சாவை அறுத்தெடுத்த கோழிகளை வளர்த்துவந்தார். சக மாணவர் திமோதி சாங், வகுப்பில் செய்துகாட்ட அவற்றை வாங்கிப் போனார். சால்மோனெல்லா கிருமியைச் செலுத்தினால் எதிர்ப்பொருள் சுரக்க வேண்டும். சுரக்கவில்லை. வகுப்பு என்னவோ பாழ்தான். நோயெதிர்ப்பியலுக்கோ பெரிய லாபம். இதைப் பற்றி எழுதி, 'சயின்ஸ்' இதழ் திருப்பி அனுப்பிய கட்டுரை 1956-இல் 'போல்ட்ரி சயின்ஸ்' இதழில் வந்தது. எதிர்ப்பொருளைத் தயாரிக்கும் பி செல்கள் பர்சாவில்தான் பக்குவப்படுகின்றன.

கம்போரோ வைரஸ் குறிவைப்பது அந்த இளம் பி செல்களைத்தான். தொற்றிய மூன்று நான்கு நாளில் பர்சா வீங்கும். எட்டாம் நாள் வாக்கில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். மூன்றிலிருந்து ஆறு வாரக் குஞ்சு என்றால் சோர்வு, கழிச்சல், தொடைச் சதையில் இரத்தக்கசிவு, சாவு என எல்லாம் கண்ணுக்குத் தெரியும். மூன்று வாரத்துக்கும் குறைந்த குஞ்சில் பெரும்பாலும் வெளியே ஒன்றுமே தெரியாது. என் கணக்கில் இதுதான் பெரிய நஷ்டம். பாதுகாவல் படை பயிற்சி முடிக்கும் முன்பே அழிந்துபோகிறது. அதன்பின் போடும் தடுப்பூசிக்கு உடல் சரிவரப் பதில் சொல்லாது. ஈ கோலையும் சுலபமாக நுழையும். கோழி இரத்தசோகை வைரஸோ மாரெக் நோயோ சேர்ந்துகொண்டால் நிலைமை இன்னும் மோசம்.

தடுப்பூசி உண்டு, ஆனால் நாள் பார்த்துப் போட வேண்டும். தாய்க்கோழி மஞ்சள்கரு வழியாகக் கொடுத்த எதிர்ப்பொருள் குஞ்சின் உடலில் மிகுந்திருக்கும்போது போட்டால், அதுவே தடுப்பூசி வைரஸை முடக்கிவிடும். தள்ளிப்போட்டால் பண்ணை வைரஸ் முந்திக்கொள்ளும். அதனால்தான் பொதுவாக இரண்டு வார வயதையொட்டிக் குடிநீரில் கலந்து கொடுக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் குளோரின் இருந்தால் மருந்து வீண். கொழுப்பு நீக்கிய பால்பவுடரைச் சேர்ப்பது அதற்காகத்தான்.

இந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை இல்லாததால் பல கிருமிநாசினிகள் அதை அசைப்பதில்லை. கோழிகளை வெளியேற்றிய கொட்டகையில் 122 நாள் கழித்தும் நோய் தொற்றியிருக்கிறது. கூளத்தில் ஊரும் கருவண்டுகளும் அதைச் சுமக்கும். பழைய கூளத்தை மொத்தமாக அள்ளாமல் புதுக் குஞ்சை இறக்கினால், முந்தைய தொகுதியின் நோய் அப்படியே கைமாறும்.