பிரசவ வலி ஆரம்பிச்சாச்சு... நடக்கலாமா, படுத்தே இருக்கணுமா?

‘இடுப்பு வலி வந்துடுச்சா? கொஞ்சம் நடம்மா’ என்பார் பாட்டி. ‘பேசாம படுங்க’ என்பார் லேபர் வார்டு ஊழியர். முதல் பிரசவத்துக்குப் போகும் பெண் யார் பேச்சைக் கேட்பது?

ஆய்வுகள் பெரும்பாலும் பாட்டி பக்கம்தான். 2013-ல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, 5,218 பெண்களிடம் நடந்த 25 ஆய்வுகளை அலசியது. நடப்பது, நிற்பது, உட்காருவது என நிமிர்ந்த நிலையில் இருந்தவர்களுக்குப் பிரசவத்தின் முதல் கட்டம் சராசரியாக 1 மணி 22 நிமிடம் குறைந்தது. சிசேரியனும் குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதலும், சிக்கல் இல்லாத கர்ப்பிணிகளை நடமாட ஊக்குவிக்கச் சொல்கிறது.

எப்படி உதவுகிறது?

நிமிர்ந்திருந்தால் புவியீர்ப்பும் சேர்ந்துகொள்ளும். குழந்தையின் தலை கர்ப்பப்பை வாயை அழுத்தி, அது விரியத் துணைபுரியும். மல்லாந்து படுத்தாலோ, கர்ப்பப்பையின் எடை பெரிய ரத்தக்குழாய்களை அழுத்தும்.

அதுக்காக ‘நடந்தா சுகப்பிரசவம் கேரண்டி’ என்று அர்த்தமில்லை. 1998-ல் அமெரிக்காவின் டல்லாஸில் 1,067 பெண்களிடம் நடந்த ஆய்வில், நடந்ததால் பிரசவ நேரம் குறையவில்லை, கெடுதலும் இல்லை. அதனால், முடியாதவரைக் கட்டாயப்படுத்தி நடக்க வைப்பதும் தப்பு.

எவ்வளவு நடக்கணும்?

கர்ப்பப்பை வாய் 5 செ.மீ. விரியும் வரையிலான ஆரம்பக் கட்டம் பல மணி நேரம் நீளலாம். இப்போதே களைத்துவிட்டால், பிறகு முக்கத் தெம்பு இருக்காது. மெதுவாக நடக்கலாம். வலி வரும்போது நின்று, சுவரிலோ கணவர் தோளிலோ சாய்ந்து மூச்சு விடலாம். தண்ணீர் குடிக்க வேண்டும். சிறுநீரை அடக்கக் கூடாது. அசதியாக இருந்தால் இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்கலாம். ராத்திரியில் தூக்கம் வந்தால் தூங்குவதே நல்லது.

எப்போது கூடாது?

பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தப்போக்கு இருந்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ வீட்டில் நடந்துகொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தலை இறங்காத நிலையில் பனிக்குடம் உடைந்தால், தொப்புள்கொடி முதலில் நழுவி வரும் ஆபத்து உண்டு. அதிக ரத்த அழுத்தம் உள்ளவர்களும், எபிடியூரல் போட்டுக்கொண்டவர்களும் டாக்டர் சொன்னால் மட்டுமே எழுந்து நடக்கலாம்.

வலி வந்த பிறகு லேபர் வார்டில் வாதாட முடியாது. ஒன்பதாம் மாத செக்கப்பிலேயே இரண்டு கேள்விகளைக் கேட்டு வைப்பது நல்லது: ‘வலி நேரத்துல நடக்க விடுவீங்களா? கூட ஒருத்தர் இருக்கலாமா?’