பக்கத்து மிஷின்காரர்தான் வாத்தியார்!

கேட்க வெட்கப்பட்டால் விரல் போகும். கூடி உட்கார்ந்தால் பரிசும் வரும்

திருத்தணி ரெயில் நிலையத்தில் விடியற்காலை வண்டிக்கு நிற்கும் கூட்டத்தைப் பாருங்கள். கையில் டிபன் கேரியர், சட்டைப் பையில் சீசன் டிக்கெட். ஆவடி, அம்பத்தூர் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள். நேற்றுச் சேர்ந்த புதுப் பையனும் அதிலே இருப்பான். 20 வருஷம் மிஷின் ஓட்டிய அண்ணனும் இருப்பார்.

இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் பேசுவார்கள். ஆனால் மிஷின் பக்கம் போனதும் பேச்சு நின்றுவிடும்!

பையனுக்குக் கேட்க வெட்கம். "இதுகூடத் தெரியாமலா வேலைக்கு வந்தே?" என்று சிரித்து விடுவார்களோ என்ற பயம். அண்ணனுக்கு வேறு பயம். எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிட்டால் நாளைக்கு நம்மை யார் மதிப்பார்கள்?

இந்த இரண்டு பயத்துக்கும் நடுவில்தான் விரல் போகிறது.

ஒரு வரிச் செய்தி

மிஷினில் கை மாட்டிய செய்தியை "அஜாக்கிரதையாகக் கையை விட்டதால்" என்று ஒரே வரியில் எழுதி விடுகிறோம். கொஞ்சம் தோண்டிக் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். அந்த மிஷின் அடிக்கடி மக்கர் பண்ணும் என்பது கூட வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். மாட்டிக்கொண்டவனுக்கு மட்டும் தெரியாது! யாரும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

தெருவே பள்ளிக்கூடம்

நம்ம பக்கத்துக்கு இது புதுப் பாடம் இல்லை. பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் எல்லாம் நெசவாளர் ஊர்கள். நெசவாளர் தெருக்களில் கைத்தறிக் காலத்தில் விடியும்போதே பாவை நீட்டிக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். ஒரு வீட்டு ஆட்களால் ஆகாது. அக்கம்பக்கத்தார் வந்து கை கொடுப்பார்கள். இன்று உன் பாவு, நாளை என் பாவு!

அறுந்த இழையைப் பிணைக்கப் பையன்கள் கற்றது அங்கேதான். பக்கத்தில் நிற்பவரின் விரலைப் பார்த்தே தொழில் வந்தது.

ஜப்பானில் 1962

இதையே முறையாகச் செய்தது ஜப்பான். உலகப் போரில் நொறுங்கிக் கிடந்த அந்த நாட்டுக்கு 1950-ல் அமெரிக்க நிபுணர் டெமிங் போனார். தரமாகச் சரக்கு செய்வது எப்படி என்று வகுப்பு எடுத்தார். 1962-ல் பேராசிரியர் இஷிகாவா போன்றவர்களின் முயற்சியால் "தர வட்டம்" பிறந்தது.

விஷயம் ரொம்ப எளிது. ஒரே இடத்தில் வேலை செய்யும் ஏழெட்டுப் பேர் வாரம் ஒரு மணி நேரம் உட்காருவார்கள். தங்களுக்குத் தினமும் தலைவலி தரும் ஒரு பிரச்சினையை அவர்களே எடுத்துக்கொள்வார்கள். மீன்முள் மாதிரி ஒரு படம் போடுவார்கள். தலைப் பக்கம் பிரச்சினை. முள்ளுக்கு முள் காரணம்: ஆளா, மிஷினா, சரக்கா, செய்முறையா? ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்து, முடிவை முதலாளியிடம் வைப்பார்கள்.

இந்தியாவில் இது 1980-ல் ஐதராபாத் "பெல்" தொழிற்சாலைக்கு வந்தது.

ரோட்டின் அந்த முனையில்...

திருத்தணியிலிருந்து சென்னைக்குப் போகும் ரோடு திருவள்ளூர், ஆவடி, அம்பத்தூர் தாண்டிப் பாடியில் போய்ச் சேருகிறது. அந்தப் பாடியில் லாரி, பஸ்களுக்கு பிரேக் செய்த சுந்தரம் கிளேட்டன் கம்பெனியின் பிரேக் பிரிவுக்கு 1998-ல் டெமிங் பரிசு கிடைத்தது. இந்தியக் கம்பெனி ஒன்றுக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுதான் முதல் தடவை!

பிரேக் என்பது விளையாட்டா? ஒருவர் தப்புச் செய்து, பக்கத்தில் இருப்பவர் நமக்கென்ன என்று விட்டால், எங்கோ ஒரு மலைப்பாதையில் பஸ் நிற்காது.

இரண்டு எச்சரிக்கை

பக்கத்து ஆள் சொல்வதெல்லாம் சரி என்று தலையாட்டக் கூடாது. "கார்டைக் கழற்றிவிட்டு ஓட்டு, சீக்கிரம் முடியும்" என்று சொல்லித் தருகிற அண்ணனும் உண்டு! நல்ல பழக்கம் மாதிரியே கெட்ட பழக்கமும் தொற்றும். அதனால்தான் நாலு பேர் முன்னால் பேசிச் சோதிக்க வேண்டும் என்கிறது தர வட்டம்.

இரண்டாவது, முதலாளிகளுக்கு. "நான்தான் தப்புப் பண்ணினேன்" என்று ஒருவன் வாயைத் திறந்ததும் மெமோ கொடுத்தால், மறுநாளிலிருந்து எல்லா வாயும் மூடிக்கொள்ளும். அப்புறம் வட்டமாக உட்கார்ந்தும் பிரயோசனம் இல்லை.

டீக்கடை நேரம் போதும்

பெரிய கம்பெனிக்குத்தான் இது என்று நினைக்க வேண்டாம். நாலு தறி ஓடும் கொட்டகை, மூன்று பையன்கள் நிற்கும் மளிகைக் கடை, ஐந்து குமாஸ்தா இருக்கும் ஆபீஸ் எல்லாவற்றுக்கும் பொருந்தும். டீ குடிக்கிற பத்து நிமிஷத்தில் ஒரே கேள்வி: "இன்னிக்கு யாருக்கு என்ன சிக்கல்?"

டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்த ஊர் இது. அவர் பிறந்த நாளான செப்டம்பர் 5, 1962 முதல் ஆசிரியர் தினம். தர வட்டம் பிறந்ததும் அதே வருஷம்தான். அன்றைக்குப் பள்ளிக்கூட வாத்தியாருக்கு வணக்கம் சொல்லுங்கள். அப்படியே பக்கத்து மிஷின் அண்ணனிடமும் கேட்டு விடுங்கள்: "அண்ணே, இது எப்படிண்ணே?"

கேட்டவன் விரல் பத்தும் பத்திரம்!