இன்னொரு மாடு வாங்கலாமா? முதலில் கணக்கு!



வல்லக்கோட்டைப் பக்கம் நாங்கள் எந்தக் குழுக் கூட்டத்துக்குப் போனாலும் கறவை மாட்டுக் கடன் பேச்சு வந்துவிடும். "ஒரு மாடு இருக்கு, இன்னொண்ணு வாங்கினா வருமானம் ரெண்டு மடங்காகும்தானே?" என்று கேட்கிறீர்கள். ஆகலாம். அதற்கு முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதிப் பாருங்கள்.

1. தீவனம் எங்கே?

ஒரகடத்தில் 2010-ல் ரெனால்ட் நிஸ்ஸான் கார் கம்பெனி வந்தது. 2012-ல் டெய்ம்லர் லாரி கம்பெனி, 2017-ல் வல்லம் வடகாலில் ராயல் என்ஃபீல்டு. வேலை கூடியது, மேய்ச்சல் இடம் குறைந்தது. கலப்பின கறவை மாட்டுக்கு நாளைக்கு 20 முதல் 25 கிலோ பசுந்தீவனம் வேண்டும். தண்ணீர் வசதியோடு 10 சென்ட் இருந்தால் கோ-4 தீவனப்புல் நடலாம். முதல் அறுப்பு 75-80 நாளில், பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. நிலம் இல்லையென்றால் எல்லாமே காசு கொடுத்துத்தான் வாங்கணும்.

2. ஆள் யார்?

பிள்ளைகள் கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போய்விடுகிறார்கள். ரெண்டு வேளை கறவை, சங்கத்துக்குப் பால் ஊற்றுவது, சாணி அள்ளுவது எல்லாம் உங்கள் தலையில்தான். உங்களுக்கு உடம்பு முடியாத நாளில் யார் கறப்பார்கள்?

3. பால் வற்றிய மாதங்களில் தவணை எப்படி?

2023 டிசம்பரில் ஆவின் அறிவித்த 3 ரூபாய் ஊக்கத்தொகையோடு சேர்த்து பசும்பால் லிட்டர் 38 ரூபாய் ஆனது. கொழுப்பு, இதர சத்து குறைந்தால் விலையும் குறையும். 8 லிட்டருக்கு நாளைக்கு 304 ரூபாய் என்றாலும் தீவனச் செலவு அதிலேயே போகணும். சினை மாட்டுக்குக் கன்று போடும் முன் 2 மாதம் கறவை நிறுத்த வேண்டும். மாதத் தவணை 3,000 ரூபாய் என்றால், அந்த 2 மாதத்துக்கு 6,000 ரூபாய் வேண்டும். கறக்கும் 10 மாதமும் 600 ரூபாய் தனியாக எடுத்து வைத்தால் தவணை தவறாது.

இன்னொரு விஷயம். கன்று போட்ட 60 முதல் 90 நாளுக்குள் பருவம் பார்த்து சினை ஊசி போட்டுவிடுங்கள். தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் அடுத்த கன்றும் பாலும் தள்ளிப்போகும்.

மூன்று பதிலையும் குழுவில் வாசித்துக் காட்டிவிட்டு கடன் மனுவில் கையெழுத்துப் போடுங்கள். கணக்கு ஒத்துவரவில்லையென்றால் கவலை வேண்டாம். இருக்கிற மாட்டின் கிடேரிக் கன்றை நல்ல தீவனம் கொடுத்து வளர்த்தால், இரண்டரை, மூன்று வருஷத்தில் கடன் இல்லாமலே ரெண்டாவது மாடு உங்கள் கொட்டகையில் நிற்கும்.